சாயம் பூசிய முகமும் சொந்த முகமும்

சீன தேசத்துக் கமக்காரன் ஒருவனின் வாழ்க்கையை அமெரிக்கர் 1937 ஆம் ஆண்டிற் படமாக்கினர். 'த குட் ஏர்த்' என்பது அதன் பெயர். பேர்ள் பக் அம்மையார் எழுதிப் பெரும்புகழ் ஈட்டிய நாவலே அதன் மூலம். பஞ்சமும் வெட்டுக்கிளிப் படையும் அடுத்தடுத்து வந்து வருத்திய போதும் மண்ணைக் கைவிட மனமில்லாத உழவன் ஒருவனின் கதை அது. கதை சீனருடையது, மண் சீனருடையது, பசியும் சீனருடையதே. முகம் மட்டும் சீனருடையதன்று. உழவனாக நடித்தவர் போல் முனி. அவன் மனைவியாக நடித்தவர் லூயிஸ் றைனர். இருவரும் ஐரோப்பிய வழி வந்தவர்கள். ஒப்பனைக்காரனின் சாயமும் பசையும் அவர்களைச் சீனராக்கின. அந்த மனைவி வேடத்துக்காகவே றைனர் அம்மையாருக்கு ஒஸ்கார் விருதும் வழங்கப்பட்டது.

அந்நாளில் ஹொலிவூட்டிற் சீனப் பெண் எவரும் இருந்திலரோ என்று கேட்பீர்கள். இருந்தார். அன்னா மே வொங் என்பது அவர் பெயர். 1905 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே பிறந்தவர். பதினேழு வயதிற் கதாநாயகியாகத் தோன்றியவர். 1932 இல் வெளிவந்த 'ஷங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தின் மூலம் உலகெங்கும் அறியப்பட்டவர். அந்த உழவன் மனைவியின் வேடத்தை அவர் பெரிதும் விரும்பினார். ஆயின் வெள்ளையரும் பிற இனத்தவரும் திரையிற் கணவன் மனைவியாகத் தோன்றலாகாதென்ற கட்டுப்பாடு அக்காலத்தில் இருந்தது. உழவன் வேடம் வெள்ளையருக்கென்று முடிவானதும், மனைவி வேடம் சீனப் பெண்ணுக்கு இல்லையென்பதும் அத்தோடு முடிவாயிற்று. குடியைக் கெடுக்கும் இரண்டாந்தாரத்தின் வேடத்தைப் பார்க்கலாமென்று அவரிடம் கூறப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். தன் இனத்தின் கதையில் தீயவளாக மட்டுமே தனக்கு இடமுண்டு என்றால் அந்த இடம் வேண்டாமென்று தள்ளிய அப்பெண்மணியின் மானவுணர்ச்சியை நாம் போற்றுகின்றோம். 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் கால் டொலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. அவர் மறைந்து அப்போது 61 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நமக்கு இதனால் என்ன?

வேற்று நாட்டார் விவகாரத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று வினவுவோர் உளர். மழை பொய்த்தும் விலை வீழ்ந்தும் தவிக்கும் கமக்காரனுக்கும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத உத்தியோகத்தருக்கும் ஹொலிவூட்டில் எவர் முகம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்பது அவர்கள் கட்சி. கேட்கத்தக்க கேள்வியே. விடையும் இருக்கின்றது.

சினிமா வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுவது பிழை. எவர் துன்பம் துன்பமென்று உலகத்துக்குக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிய மக்களுக்கு நெடுங்காலம் இரண்டு வேடங்களே கிடைத்தன. ஒன்று, அஞ்சத்தக்க வஞ்சகன். மற்றொன்று, நகைப்புக்குரிய கோமாளி. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளனாகப் பல படங்களிற் தோன்றி வாழ்ந்தவர் சுவீடனிற் பிறந்த வோர்னர் ஒலண்ட். 1961 இல் வெளிவந்த 'பிரேக்ஃபஸ்ட் அட் ரிஃபனீஸ்' படத்திற் பல்லைத் துருத்திக்கொண்டு ஜப்பானியராகக் கூச்சலிட்டவர் மிக்கி றூனி. அவர்களைக் கண்டு உலகம் அஞ்சியது, சிரித்தது. அவர்களுக்காக அழவில்லை. ஒரு மக்களுக்காக அழப் பழகாத உலகம், அம்மக்களுக்கு அநீதி நேரும்போது எழுந்து நிற்குமென எதிர்பார்ப்பது பேதைமை. 1942 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 120,000 பேரை முட்கம்பி வேலிக்குட் கொண்டுபோய் அடைத்தனர். அவர்களிற் பெரும்பாலோர் அந்நாட்டின் பிரசைகள். பிரசாவுரிமைப் பத்திரம் கையிலிருந்தும் பயனில்லாது போயிற்று. அண்டை வீட்டார் பலர் வாளாவிருந்தனர். திரையில் ஒருகாலும் மனிதனாகக் கண்டிராத ஒருவனை, தெருவில் மட்டும் மனிதனாகக் காண்பது எல்லோர்க்கும் எளிதன்று.

கித்துல்கலையிற் கட்டிய பாலம்

அமெரிக்க விவகாரமென்று ஒதுக்கிவிட முடியாத வேறொன்றும் உண்டு. 'த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' என்ற படத்தை நம்மிற் பலர் அறிவர். 1957 ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஒஸ்கார் விருதுகளில் ஏழினை அது வென்றது. டேவிட் லீன் அதனை எடுத்தது நம் நாட்டிலே. கித்துல்கலையில், களனி கங்கைக் கரையிலே. மரத்தால் உண்மைப் பாலமே கட்டி, அதன்மேற் சென்ற புகைவண்டியோடு சேர்த்துத் தகர்த்தனர். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அவ்விடத்தைப் பார்த்து வருகின்றனர்.

அப்படத்தின் கதைக்களம் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் இட்ட புகையிரதப் பாதை. ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுடைய துன்பம் பெரிது. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயின் அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை அதனிலும் பன்மடங்கு. அவர்களில் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏய்த்தும் பிடித்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் குடும்பம் குடும்பமாக விழுங்கின. கைதிகளுக்காவது தங்களிடையே இராணுவ வைத்தியர் இருந்தனர். பின்னர் கல்லறைகளும் பெயர்ப் பட்டியல்களும் கிடைத்தன. தமிழ்க் கூலிக்கு அவற்றில் ஒன்றுமில்லை.

ஏழு விருது பெற்ற அப்படத்தில் அந்தத் தமிழனுக்கு ஒரு பெயருண்டா? ஒரு வார்த்தையுண்டா? இல்லை. தமிழர் வாழும் தீவொன்றில் வந்து, தமிழர் மாண்ட பாதையைப் பற்றிப் படமெடுத்தவர்களின் கண்ணுக்கு அவன் தென்படவில்லை. அவர்கள் அவனை வெறுத்தார்கள் என்று நாம் கூறவில்லை. அவன் இருந்தான் என்பதே அவர்கள் நினைவுக்கு வரவில்லை. வெறுப்பை எதிர்த்து வழக்காடலாம். மறதியை எதிர்த்து எந்த மன்றிற் போய் வழக்காடுவது?

அதே விருது விழாவில் 'சயொனாரா' படத்தில் நடித்த ஜப்பானியப் பெண் மியோஷி உமெக்கி சிறந்த துணை நடிகை விருது பெற்றார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நடிப்புக்காக ஒஸ்கார் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. அப்படத்திலேயே ஜப்பானிய நாடக நடிகர் ஒருவரின் வேடத்தைத் தாங்கியவர் மெக்சிக்கோவிற் பிறந்த றிக்கார்டோ மொந்தல்பான்! ஒரு கதவு சிறிது திறந்தது. மற்றொரு கதவில் பழைய பூட்டே தொங்கியது. அடுத்த ஆசியப் பெண்ணுக்கு நடிப்புக்கான ஒஸ்கார் கிடைப்பதற்கு 63 ஆண்டுகள் சென்றன.

அகதிச் சிறுவனின் திரும்புகை

1983 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இன்னொரு ஹொலிவூட் குழு கண்டிக்கு வந்தது. 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த ரெம்பிள் ஒஃப் டூம்' என்ற படத்துக்காக அவர்கள் வந்தனர். கதை நடப்பது இந்தியாவில். கதையின் போக்கை ஏற்காத இந்திய அதிகாரிகள் அனுமதி கொடாமையால் இங்கே வந்தனர். குரங்கின் மூளையை விருந்தென்று உண்பவராகவும் நரபலி கொடுப்பவராகவும் இந்தியரைக் காட்டிய படம் அது. இந்தியக் கிராமத்தவரின் வாயிற் சிங்களத்தை வைத்ததும் அப்படமே. எந்த மொழியாயினும் அமெரிக்கனுக்கு ஒன்றுதானே!

அக்குழுவிலே ஒரு சிறுவன் இருந்தான். சைகோனிற் பிறந்து, வியட்நாமை விட்டுப் படகேறி, ஹொங்கொங் அகதி முகாமிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த கீ ஹுய் குவான் என்பவனே அவன். அவன் இம்மண்ணில் நின்று நடித்துச் சென்ற சில திங்களிலே ஆடிக் கலவரம் வெடித்தது. நம் பிள்ளைகளும் அகதிகளாயினர். இதனை ஒரு தற்செயல் என்றே சொல்வோம். ஆயினும் அவனுடைய பின்கதையை நம் அகதிக் குடும்பங்கள் தம் கதை போலவே உணர்ந்து கேட்கும்.

இரு படங்களிற் புகழ்பெற்ற அச்சிறுவன் வளர்ந்து வாலிபனானான். ஆசிய வாலிபனுக்கு ஹொலிவூட்டில் வேடமில்லை. அழைப்புக்காகக் காத்திருந்து சலித்து, நடிப்பையே கைவிட்டுக் கமெராவுக்குப் பின்னாற் சென்று சண்டைக் காட்சிகளை அமைக்கும் தொழில் செய்தார். இருபது ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. 2018 ஆம் ஆண்டில் 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' என்ற படம் வெளிவந்தது. தற்கால வாழ்வைக் காட்டி, பெரும்பாலும் ஆசிய வழி நடிகரையே கொண்டு ஹொலிவூட்டின் பெரிய நிறுவனமொன்று படமெடுத்தது, 1993 இன் 'த ஜோய் லக் கிளப்' படத்துக்குப் பின் அதுவே முதன்முறை. கோடீசுவரர் கலியாணத்தைச் சுற்றிய கதைதான். உயர்ந்த காவியமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதனைப் பார்த்த பின்னரே மீண்டும் நடிக்கும் துணிவு தமக்குப் பிறந்ததாகக் குவான் பலமுறை கூறியிருக்கின்றார். 2023 மார்ச்சில் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஓல் அட் வன்ஸ்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருதை ஏந்தி, படகிலே தொடங்கிய தம் பயணத்தைக் கண்ணீரோடு நினைவுகூர்ந்தார்.

அப்படமும் ஏழு ஒஸ்கார்களை வென்றது. அதன் நாயகி மிஷெல் யோ சிறந்த நடிகை விருது பெற்றார். அவர் பிறந்த ஊர் ஈப்போ. நம் பாட்டன்மார் காலத்தில் யாழ்ப்பாணத்தார் உத்தியோகம் தேடிச் சென்ற அதே மலாயாவின் ஈப்போ! குவாய்ப் பாலத்துக்கு ஏழு, இப்படத்துக்கும் ஏழு. முன்னதிற் பெயரற்றுப் போன ஆசியத் தொழிலாளியின் இனத்தார், பின்னதிற் சலவைக்கடை நடத்திக்கொண்டு, வரிக் கணக்கோடு மல்லாடிக்கொண்டு, மகளோடு பிணங்கிக்கொண்டு, உலகத்தின் நடுவே நின்றனர்.

இன்னொரு கமக்காரன்

இவையாவற்றிலும் நம் நெஞ்சை அசைத்தது 'மினாரி' என்ற சிறிய படமே. 2020 ஆம் ஆண்டில் லீ ஐசக் சங் தம் இளமைக்கால நினைவுகளைக் கொண்டு அதனை எடுத்தார். கொரியாவிலிருந்து வந்த குடும்பமொன்று அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் ஐம்பது ஏக்கர் நிலம் வாங்கிக் கொரிய மரக்கறி பயிரிட முனைகின்றது. பகலெல்லாம் கோழிக் குஞ்சுகளிற் சேவல் பேடு பிரிக்கும் வேலை. எஞ்சிய பொழுதிற் கமம். தண்ணீர்க் குறி பார்ப்பவனுக்குக் காசு கொடாது, தன் புத்தியை நம்பித் தந்தை கிணறு தோண்டுகின்றார். அந்தக் கிணறு வற்றிவிடுகின்றது. வீட்டுக்குரிய தண்ணீரையும் பயிருக்குத் திருப்புகின்றார். சந்தையில் வாக்குக் கொடுத்த வியாபாரி கடைசி நேரத்தில் வேண்டாமென்கின்றான்.

வன்னியிலோ வலிகாமத்திலோ தோட்டஞ் செய்த எவருக்கேனும் இக்கதையை விளக்க வேண்டுமா? வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விலையின்றித் திரும்பியவனுக்கு அந்தக் கொரியன் அண்ணன் தம்பி முறை ஆகமாட்டானா?

அக்குடும்பத்துக்கு உதவியாகக் கொரியாவிலிருந்து பாட்டி வருகின்றாள். பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளையும் நெத்தலிக் கருவாட்டையும் எடுத்து வைக்கின்றாள். அதைக் கண்ட மகள் கலங்கி நிற்கின்றாள். அக்காட்சியைக் கண்டபோது நாமும் கலங்கினோம் என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வறுத்திடித்த மிளகாய்த்தூளைப் பொதி செய்து அனுப்பாத வீடு நம் ஊரில் எத்தனை? அப்பொதியைப் பிரித்து மணந்து பார்த்து அழாத பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த அழுகை நம் வீட்டுக்குள் மட்டும் நடப்பதென்று எண்ணியிருந்தோம். அது பெரிய திரையிலே, வேறு மொழியிலே, வேறு முகத்தோடு நடந்தபோது, நம் வாழ்வும் சொல்லத்தக்க வாழ்வே என்ற எண்ணம் உண்டாயிற்று. திரையில் தன்னவரைக் காண்பதாற் பெறும் பயன் இதுவே. பெருமை அதன் பின்னரே வருவது.

பாட்டியாக நடித்த யுன் யோ-ஜொங் அம்மையார் 2021 இல், தம் 73 ஆவது வயதில், ஒஸ்கார் பெற்றார். மேலே சொன்ன 63 ஆண்டு இடைவெளியை முடித்துவைத்தவர் அவரே. 1937 இற் சாயம் பூசிய கமக்காரன். 2020 இற் சொந்த முகத்தோடு கமக்காரன். இடைத்தூரம் 83 ஆண்டுகள்.

விருது கேடயமாகுமா?

இதனோடு வெற்றி முழுமையாயிற்று என்று முரசறைய நாம் ஆயத்தமாயில்லை. அமெரிக்கர் எடுத்து, அமெரிக்க மண்ணிலே நிகழும் 'மினாரி'யை, பேச்சிற் பெரும்பகுதி ஆங்கிலமன்று என்ற விதியைக் காட்டி, கோல்டன் குளோப் விருதினர் அந்நிய மொழிப் படமென ஒதுக்கினர். 2021 மார்ச் 15 ஆம் நாள் அப்படத்தின் ஸ்டீவன் யூன் சிறந்த நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அப்பரிந்துரையைப் பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர். மறுநாள், மார்ச் 16 ஆம் நாள், அட்லாண்டாப் பகுதியில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் அறுவர் ஆசியப் பெண்கள். நோய்ப்பரவல் காலமாகிய அந்நாட்களில் தெருவில் நடந்துசென்ற ஆசிய முதியோர் தாக்கப்பட்ட செய்திகளும் நாள்தோறும் வந்தன. பாராட்டு மேடை ஒருபுறம், பாடை ஒருபுறம். நூறாண்டு ஊட்டிய நஞ்சு இரண்டொரு நல்ல படங்களால் இறங்கிவிடுவதில்லை.

எனவே, திரையில் முகம் தெரிவது மட்டும் போதாது. கதையை எழுதுபவன் யார், பணம் இடுபவன் யார், எந்த மொழியிற் பேசவேண்டுமென்று தீர்மானிப்பவன் யார் என்பவற்றையும் கேட்க வேண்டும். 2015 இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனையைப் பெற்ற 'தீபன்' படத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பகுதி தமிழிலேயே பேசிய பிரெஞ்சுப் படம் அது. நாயகனாக நடித்தவர் அல்லைப்பிட்டியிற் பிறந்து, இளமையில் இயக்கத்திலிருந்து, பின் அகதியாகப் பிரான்ஸ் சேர்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. நம் பேச்சு, நம் மௌனம், நம் முகம் யாவும் அங்கே இருந்தன. ஆயினும் கதையை நடத்திச் சென்ற கை பிரெஞ்சுக் கை. அகதியை மீண்டும் ஆயுதம் ஏந்தவைத்தே அக்கதை முடிவை நாடியது. அகதித் தமிழன் அன்றாடம் நடத்தும் போர், வதிவிடப் பத்திரத்தோடும் குளிரோடும் இரவு வேலையோடும் நடத்தும் போர். அதனை நம்மவர் எழுதியிருந்தால் முடிவு வேறாயிருக்கும் என்பது நம் துணிபு.

நம் வீட்டுக் குறை

பிறரைக் குற்றம் கூறும் வாய் தன் வீட்டையும் பார்த்துப் பேச வேண்டும். வெள்ளையன் தன் முகத்தில் மஞ்சட் சாயம் பூசியதைக் கண்டு கொதிக்கின்றோம். தமிழகத்துப் படங்களில் தமிழே அறியாத சிவந்த பெண்ணைக் கதாநாயகியாக்கி, கிராமத்து வேடமென்றால் அவள்மேற் கருஞ்சாயம் பூசி, குரலை வேறொருத்தியிடம் கடன் வாங்கும் வழக்கத்தைக் கண்டு நாம் கொதித்ததுண்டா? கைதட்டினோம், காசு கொடுத்தோம். நம் கறுத்த பெண் பிள்ளைகள் நம் மொழிப் படத்திலேயே தம் நிறத்தைத் தோழியாகவும் வேலைக்காரியாகவும் மட்டுமே கண்டு வளர்ந்தனர். ஹொலிவூட்டில் அன்னா மே வொங்குக்கு நேர்ந்தது அவர்களுக்கு நம் கொட்டகைகளில் நேர்ந்தது. மலையகத் தொழிலாளியின் பேச்சை நகைச்சுவைக்கென மேடையில் இழுத்து வந்தவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை.

மாற்றத்தின் அறிகுறியும் தெரிகின்றது. ஈழத்திலிருந்து சென்ற தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவிற் பிறந்த மைத்ரேயி இராமகிருஷ்ணன், திறந்த அழைப்புக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தெரிவாகி, 2020 முதல் 2023 வரை வெளிவந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் நாயகியாக நடித்தார். தமிழ்க் குடும்பத்து மாணவியின் வேடம். தெய்வப் பெண்ணாகவோ பாவப்பட்டவளாகவோ அவளைக் காட்டவில்லை. கோபக்காரியாக, அவசரக்காரியாக, தந்தையை இழந்த துயரம் ஆறாதவளாகக் காட்டினர். குறையுள்ள மனிதப் பிறவியாகத் திரையிற் தோன்றும் உரிமை வெள்ளையருக்கு என்றுமே இருந்தது. அவ்வுரிமை நமக்கும் கிடைப்பதே சமத்துவம்.

செய்யத்தக்கது

வைத்தியராகவும் பொறியியலாளராகவும் சட்டத்தரணியாகவும் கணக்காளராகவும் விளங்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை கமெராவைத் தூக்கிக்கொண்டு போனால் வாழ்வு பாழென்று எண்ணி மறிக்காதீர்கள். கம்போடியாவின் கொலைக்களத்தில் மனைவியை இழந்து உயிர் தப்பிய ஹாயிங் ஙோர் தொழிலால் வைத்தியர். 'த கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் நடித்து 1985 இல் ஒஸ்கார் பெற்றவரும் அவரே. முன்னர் நடித்தறியாத அந்த வைத்தியர் தம் மக்களின் சாவை உலகறியச் செய்தார். ஒரு தொழில் மற்றொரு கடமைக்குப் பகையன்று.

கமக்கார அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கதை எளியதென்று எண்ணாதீர்கள். வற்றிய கிணறும் விலைபோகாத மரக்கறியும் ஆர்க்கன்சோவிற் படமாகுமென்றால், இரணைமடுவின் கீழ்வாய்க்காலும் படமாகும். இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து எல்லைக்கல்லைத் தேடியவனின் காணியும் படமாகும். கேட்கும் இளைஞனுக்கு அதனை மறைக்காது சொல்லுங்கள்.

சயாம்ப் பாதையில் மாண்ட தமிழனின் கதையை மலேசியத் தமிழர் எழுத்திலும் ஆவணப் படத்திலும் சொல்ல முயன்றுள்ளனர். பெருந்திரைக்கு அது இன்னும் வரவேண்டியிருக்கின்றது. இன்னொரு டேவிட் லீன் கித்துல்கலைக்கு வந்து அதனை எடுப்பாரென்று காத்திருப்பதிற் பயனில்லை. நம் பிள்ளைகள்தாம் அதனை எழுதவேண்டும். நம் பிள்ளைகள்தாம் அதில் நடிக்கவேண்டும். அது வரும் நாளில், இலவச அனுமதி கேளாது, சீட்டு வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நாம் அமரவேண்டும்.